ஆறு மூச்சுக்கு ஒரே சுருதி

கச்சேரி தொடங்குமுன் தம்பூராவை மீட்டி, மிருதங்கத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி சேர்ப்பதை நம் குடும்பங்களில் அறியாதார் இரார். அவ்வேலை முடியும்வரை பாடகர் வாய் திறப்பதில்லை, அவையோரும் பொறுத்திருப்பர். சுருதி சேராமலே பாடத் தொடங்கிவிட்டு, பிறகு பாடகரின் குரலைக் குறைகூறுவது நியாயமன்று. மோட்டார் இயந்திரங்களுள்ளும் இத்தகைய வகை ஒன்று உண்டு. அதில் ஆறு சிலிண்டர்கள், ஆறு காற்று வாயில்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே அளந்து தரப்படும் பெட்ரோல். ஆறும் ஒரே சுருதியில் நின்றாலன்றி அவ்வியந்திரம் தன் ஆற்றலைக் காட்டாது. சுருதி சேர்க்கத் தெரியாதார் கையில் அகப்பட்டுக் கெட்ட பெயர் எடுத்த அந்த நல்ல இயந்திரத்தைப் பற்றி இத்திங்கள் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து டிரையம்ஃப் டி.ஆர்.5 என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. கூரையை மடக்கி வைத்துத் திறந்தபடி ஓட்டத்தக்க சிறு வண்டி அது. முன்புறத்தில் ஒரே வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்கள்; மொத்தக் கொள்ளளவு 2,498 கன சென்டிமீட்டர்; ஆற்றல் 150 குதிரைசக்தி என்று கம்பெனியார் அறிவித்தனர். அதில் கார்புரேட்டர் இல்லை. லூகாஸ் கம்பெனியாரின் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு அதன் இடத்தில் இருந்தது. 1968 வரை 2,947 வண்டிகளே செய்யப்பட்டன. அதன் வழிவந்த டி.ஆர்.6 என்னும் காரும், 2.5 பி.ஐ. என்னும் குடும்பக் காரும் அதே அமைப்பைப் பெற்று 1975 வரை விற்பனையாயின. அமெரிக்காவுக்குச் சென்ற டி.ஆர். வண்டிகளில் மட்டும் இன்ஜெக்ஷன் இல்லை. டி.ஆர்.5 அங்கே டி.ஆர்.250 என்ற பெயர் தாங்கி, இரண்டு ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர்களோடு விற்கப்பட்டது.

டிரையம்ஃப், லூகாஸ் என்னும் இவ்விரு பெயர்களும் தமிழர்க்குப் புதியன அல்ல. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் 1961 முதல் செய்து விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கவென்ட்ரியின் டிரையம்ஃப் ஹெரால்டைத் தழுவியதே. சென்னைப் பாடியில் பஸ்ஸை விட்டு இறங்குவோர் அவ்விடத்தை ‘லூகாஸ்’ என்றே சொல்வர், டி.வி.எஸ். குழுமத்தாரோடு கூடி லூகாஸ் கம்பெனியார் 1961இல் தொடங்கிய தொழில் அதற்குக் காரணம். ஆயினும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் கொண்ட ஆறு சிலிண்டர் டிரையம்ஃப் எதுவும் சென்னையில் செய்யப்படவில்லை. ஆகவே நம் ஊர் மெக்கானிக்குகள் கைபழகும் வாய்ப்பும் அதற்கு ஏற்படவில்லை.

லூகாஸ் அமைப்பு வீதிக்கு வருமுன்பே பந்தயக் களத்தில் தேர்ச்சி பெற்றது. 1956இல் ஜாகுவார் டி-டைப் பந்தயக் கார்களில் அது பொருத்தப்பட்டது. 1963இல் ஜிம் கிளார்க் உலக சாம்பியன் பட்டம் பெற்றபோது, அவருடைய லோட்டஸ் காரில் இருந்த கவென்ட்ரி கிளைமாக்ஸ் இயந்திரம் லூகாஸ் இன்ஜெக்ஷனால் ஓடியதே. 1967 ஜூன் 4ஆம் நாள் ஹாலந்து நாட்டுச் சான்ட்வோர்ட்டில், தான் கலந்துகொண்ட முதற் பந்தயத்திலேயே வெற்றி கண்ட காஸ்வொர்த் டி.எஃப்.வி. இயந்திரமும் அவ்வாறே. எனவே அடிப்படையில் பயனற்ற அமைப்பு என்று இதனை ஒதுக்க இயலாது.

அவ்வாறிருந்தும், வீதிக்கு வந்த பின்னர் இதற்கு ஏச்சே மிகுதியாகக் கிட்டியது. ‘கரும்புகை கக்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது, நின்ற இடத்தில் நடுங்குகிறது, வெயிற்காலத்தில் வழியில் நின்றுவிடுகிறது’ என்பன அந்நாளைய புகார்கள். இவற்றுள் சில உண்மையே. பெட்ரோல் பம்பு நெடுநேரம் ஓடிச் சூடேறினால் பெட்ரோலில் ஆவிக்குமிழ் தோன்றி ஓட்டம் தடைப்படுவது அவ்வமைப்பில் அறியப்பட்ட குறை. ஆயினும் பெரும்பாலான துன்பம் வேறிடத்திலிருந்து வந்தது. கார்புரேட்டரில் கைபழகிய தொழிலாளர், எதை முதலில் பார்ப்பது, எதை இறுதிவரை தொடாதிருப்பது என்று அறியாமல் வேலையைத் தொடங்கினர். பல வண்டிகளில் முழு அமைப்பையும் கழற்றி எறிந்துவிட்டுக் கார்புரேட்டர்களை மாட்டினர். எறியப்பட்டவற்றுள் குறையற்ற கருவிகளும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அளந்து கொடுக்கும் விதம்

கார்புரேட்டரில், உள்ளே ஓடும் காற்றே பெட்ரோலை இழுத்துக்கொண்டு செல்கிறது. ஒன்றிரண்டு கார்புரேட்டர்களை ஆறு சிலிண்டர்கள் பகிர்ந்துகொண்டால், அருகிலிருப்பதற்கும் தொலைவிலிருப்பதற்கும் ஒரே பங்கு கிடைப்பது அரிது. நீண்ட பந்தியின் நடுவில் வாளியை வைத்துக்கொண்டு பரிமாறினால் கடைசி இலைக்குக் குழம்பு குறைவது போன்றது இது. ஒவ்வோர் இலைக்கும் தனித்தனிக் கரண்டி வைப்பதே இன்ஜெக்ஷன்.

லூகாஸ் அமைப்பில், வண்டியின் பின்புறம் சாமான் வைக்கும் பகுதியில் ஒரு மின்சாரப் பம்பு இருக்கிறது. அது டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுத்து, சதுர அங்குலத்திற்குச் சற்றேறக்குறைய 105 பவுண்டு அழுத்தத்தில் முன்னே அனுப்புகிறது. மிகுதி அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு, எஞ்சிய பெட்ரோலை மீண்டும் டாங்கிக்குத் திருப்பிவிடும். முன்னே சென்ற பெட்ரோல் மீட்டரிங் யூனிட் என்னும் கருவியை அடைகிறது. இதனை ‘அளவுக் கருவி’ என்று இக்கட்டுரையில் குறிப்போம். இயந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றினால் இக்கருவியின் உட்புறம் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள் ஒரு சிறு உலோகத் துண்டு, பெட்ரோலின் அழுத்தத்தாலேயே இங்குமங்கும் தறி நாடாப் போல ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டத்திலும் அது தள்ளும் பெட்ரோல் ஒரு சிலிண்டருக்குரிய பங்கு. நாடா ஓடும் தூரம் கூடினால் பங்கு கூடும், குறைந்தால் குறையும்.

அப்பங்கு எவ்வளவு சிறிது என்பதை அன்பர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 416 கன சென்டிமீட்டர். அது நிறையக் காற்றை இழுத்தால் அக்காற்றின் எடை அரை கிராம். 13 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று வைத்துக்கொண்டால், வேண்டிய பெட்ரோல் ஒரு கன சென்டிமீட்டரில் இருபதில் ஒரு பங்கேயாகும். நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது இத்தகைய பங்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 25 முறை, ஆறுக்குமாக நொடிக்கு 150 முறை அளந்து கொடுக்க வேண்டும். இத்தனையும் கம்ப்யூட்டர் இன்றி, வில்லாலும் உருளையாலும் நடைபெறுகின்றது!

நாடா ஓடும் தூரத்தை யார் முடிவு செய்கிறார்? இயந்திரத்தின் வேக்குவமே. நம்முள் ரயில்வேக் குடும்பத்தார் பலராதலின் வேக்குவம் என்பதை மிக விளக்க வேண்டுவதில்லை. ஏர் பிரேக் வருமுன் நம் நாட்டு ரயில் வண்டிகள் வேக்குவம் பிரேக்கினாலேயே நின்றன. ஹோஸ் பைப்பில் ஓட்டை விழுந்தால் கார்டும் டிரைவரும் பட்ட பாட்டைப் பழைய ஊழியர்கள் சொல்வர். காரிலும் அதே கதைதான். காற்றுக் கதவு மூடியிருக்கும்போது இயந்திரம் இழுக்கும் இழுப்பால் உட்குழாயில் வேக்குவம் மிகும். கதவு திறந்தால் வேக்குவம் குறையும். அளவுக் கருவியின் தலைப்பில் உள்ள மெல்லிய தோல் போன்ற தகடு இவ்வேற்றத்தாழ்வை உணர்கிறது. வேக்குவம் மிகுந்தால் ‘வேலை குறைவு, பெட்ரோலைக் குறை’ என்றும், வேக்குவம் குறைந்தால் ‘சுமை ஏறிவிட்டது, பெட்ரோலைக் கூட்டு’ என்றும் அது நாடாவின் எல்லையை மாற்றுகிறது.

அளக்கப்பட்ட பெட்ரோல் ஆறு மெல்லிய குழாய்களின் வழியே ஆறு இன்ஜெக்டர்களை அடைகிறது. ஏறக்குறைய 50 பவுண்டு அழுத்தம் வந்ததும் இன்ஜெக்டரின் சிறு வால்வு திறந்து, புகைபோன்ற தூவலாகப் பெட்ரோலை உள்ளே விடும். அவ்விடத்திற்குச் சற்று முன்னே இருப்பதே காற்று வாயில். மெக்கானிக்குகள் இதனைத் திராட்டில் பாடி என்றும், உள்ளே சுழலும் வட்டத் தகட்டைப் பட்டர்ஃபிளை என்றும் சொல்வர். வார்ப்புகள் மூன்று, வார்ப்பு ஒன்றுக்கு வாயில்கள் இரண்டு, ஆக ஆறு தகடுகள். மூன்று வார்ப்புகளையும் சிறு கோல்கள் இணைக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஆறு தகடுகளும் ஒருங்கே திறக்க வேண்டும். விட்டால் ஒருங்கே மூட வேண்டும்.

கூட்டலைத் திருத்துவதா, பதிவைத் தேடுவதா?

இப்போது அன்பர்கள் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவுக் கருவி ஆறு சிலிண்டர்களுக்கும் சமமான பெட்ரோலையே கொடுக்கும். எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு காற்றுச் சென்றது என்பது அதற்குத் தெரியாது. பொதுவான ஒரே வேக்குவம்தான் அதற்குத் தெரியும். வீட்டில் நால்வர் இருந்தாலும் எண்மர் இருந்தாலும் கார்டுக்கு இத்தனை படி என்று அளக்கும் பங்கீட்டுக் கடைக்காரர் போன்றது அது. அளவில் குற்றமில்லை, ஆயினும் ஒரு வீட்டில் மிஞ்சும், மற்றொரு வீட்டில் பட்டினி. ஆறு காற்று வாயில்களும் சமமாயிருந்தால் மட்டுமே சமமான பெட்ரோல் நியாயமான பெட்ரோலாகும்.

ஒரு தகடு மயிரிழை கூடுதலாகத் திறந்திருப்பின் அச்சிலிண்டரில் காற்று மிகுந்து கலவை மெலியும். உள்வாயிலில் ‘பட் பட்’ என்று எதிர்வெடிப்புக் கேட்கும். மற்றொரு தகடு கூடுதலாக மூடியிருப்பின் அங்கே காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும், பிளக் கறுக்கும். இந்த வேற்றுமை முழுவேகத்தில் தெரியாது. தகடுகள் முற்றும் திறந்தபின் மயிரிழை வேறுபாடு எம்மூலைக்கு? மெதுவாக ஓடும்போதும், வண்டி நின்று இயந்திரம் மட்டும் ஓடும்போதும்தான் அது பெரிதாகித் தோன்றும். நடுக்கத்திற்கும் புகைக்கும் பிறப்பிடம் பெரும்பாலும் இதுவே.

மற்றொன்று வேக்குவம் குழாயின் ஒழுக்கு. பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து வேக்குவம் குறையும். அளவுக் கருவி அதனைச் சுமை ஏறியதாகக் கருதி ஆறு சிலிண்டர்களுக்கும் கூடுதலாகப் பெட்ரோலை அனுப்பும். கரும்புகை வரும். பார்த்தவர், ‘அளவுக் கருவி கெட்டுவிட்டது’ என்று அதன் உட்பகுதியைத் திருகிக் குறைப்பார். அன்று புகை நிற்கும். வேலை முடிந்ததென்று எண்ணுவார். பிறகு ஒருநாள் வேறொருவர் அந்த ரப்பர் குழாயை மாற்றுவார். உடனே ஆறு சிலிண்டர்களும் பெட்ரோல் போதாமல் திணறும். அவ்வாறு மெலிந்த கலவையோடு முழுவேகத்தில் ஓட்டினால் வெப்பம் மிகுந்து பிஸ்டனே உருகி ஓட்டையாகக்கூடும். மறுபுறம், பெட்ரோல் மிகுந்தே நெடுநாள் ஓடினால் அது சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும். அடித்தொட்டியின் எண்ணெயும் நீர்த்துப் போகும். ஆயிரக்கணக்கான மைல் உழைக்க வேண்டிய இயந்திரம் விரைவில் தேயும். ஓர் அங்குல ரப்பர் குழாயைப் பார்க்கத் தவறியதன் விலை ஒரு முழு இயந்திரம்!

பார்சல் ஆபீஸில் கணக்கு எழுதும் நம் போன்றோர்க்கு இது புதிய பாடமன்று. நாள் முடிவில் கையிருப்பும் கணக்கும் ஒத்துவராவிட்டால், அடியிலுள்ள கூட்டுத்தொகையை அடித்துத் திருத்துவதற்கு ஒரு நொடி போதும். அன்று கணக்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் மேலே எங்கோ ஒரு ரசீதில் உள்ள பிழை அப்படியே இருக்கும். ஆடிட் வரும் நாளில் ஒன்று இரண்டாகி நிற்கும். முதல் ரசீதிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவதே முறை. அளவுக் கருவி என்பது கூட்டுத்தொகை; காற்று வாயில்களும் குழாய்களும் ரசீதுகள்.

வேலையின் வரிசை

இனி, இவ்வியந்திரத்தைச் சுருதி சேர்க்கும் வரிசையை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

அனைத்திற்கும் முன்னே பாதுகாப்பு. 105 பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் விளையாட்டுப் பொருளன்று. திறந்த வெளியில் வேலை செய்க. பீடியோ, விளக்கோ, அடுப்போ அருகில் இருத்தலாகாது. தீயணைப்புக் குடுவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குழாயைக் கழற்றுமுன் பம்பை நிறுத்தி, இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்து, அழுத்தத்தை மெல்லத் தணிக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் கழற்றுதல் கூடாது.

முதலாவது, இயந்திரத்தின் உடல்நலம். ஆறு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் ஒத்திருக்கிறதா? வால்வுகளின் இடைவெளி, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இருக்கிறதா? பிளக்குகள், பாயின்ட்டு, தீப்பொறி விழும் நேரம் ஆகியவை சரியா? இவற்றில் குறை வைத்துக்கொண்டு காற்றையும் பெட்ரோலையும் திருத்துவது, காய்ச்சல்காரனுக்கு அலங்காரம் செய்வது போலாகும்.

இரண்டாவது, சோக் கம்பி. குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புவதற்காகக் கூடுதல் பெட்ரோல் தரும் நெம்புகோல் ஒன்று அளவுக் கருவியில் உண்டு. அதனை இழுக்கும் கம்பி முறுக்காக இருந்தால், இயந்திரம் சூடான பின்னும் நெம்புகோல் முற்றும் திரும்பாது. கம்பியில் சிறிது தளர்வு இருந்தே தீரவேண்டும். நாள் முழுவதும் தேடிய கரும்புகைக்கு இத்தளர்வின்மையே காரணமாக இருப்பது உண்டு.

மூன்றாவது, அழுத்தம். பெட்ரோல் வழியில் அழுத்தமானியைப் பொருத்தி, பம்பு உரிய அழுத்தத்தைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டரியும் மின் இணைப்புகளும் பலவீனமாயிருந்தால் நல்ல பம்பும் நோயாளியாகத் தோன்றும். வடிகட்டி அடைபட்டிருப்பினும் அவ்வாறே. இக்காலத்தில் பல உரிமையாளர்கள் பழைய பம்பை நீக்கிப் பாஷ் கம்பெனியின் பம்பைப் பொருத்திக்கொள்கின்றனர்.

நான்காவது, இன்ஜெக்டர்கள். இயந்திரம் ஓடுகையில் ஒவ்வோர் இன்ஜெக்டர் குழாயையும் விரலால் தொட்டுப் பார்த்தால் நாடித்துடிப்புப் போன்ற துடிப்புத் தெரியும். வைத்தியர் நாடி பார்ப்பது போல ஆறையும் பார்க்க வேண்டும். துடிப்பில்லாத குழாயில் காற்றுக்குமிழ் தங்கியிருக்கலாம். அன்றி இன்ஜெக்டர் அடைபட்டிருக்கலாம். நல்ல இன்ஜெக்டர் கூம்பு வடிவில் தூவும், துளித்துளியாக ஒழுகாது.

ஐந்தாவது, காற்று ஒழுக்கு. வேக்குவம் குழாய்கள், காஸ்கெட்டுகள் ஆகிய அனைத்தையும் பார்க்க வேண்டும். தகடுகளைத் தாங்கும் அச்சுத்தண்டை விரலால் அசைத்துப் பார்த்தல் மிக இன்றியமையாதது. ஐம்பது ஆண்டு திறந்து மூடியதால் தண்டும் அதன் துளையும் தேய்ந்திருக்கும். அவ்விடைவெளியில் புகும் காற்றை எந்த ஸ்க்ரூவாலும் திருத்த முடியாது. தேய்ந்த தண்டை மாற்றி, துளைக்குப் புதிய புஷ் இட்ட பின்னரே மேலே செல்ல வேண்டும்.

ஆறாவதாகத்தான் சுருதி சேர்த்தல். இயந்திரம் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். மூன்று வார்ப்புகளையும் இணைக்கும் கோல்களைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு வார்ப்பும் தானாக மூடி நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒரே தண்டிலுள்ள இரு தகடுகளும் ஒத்து மூடாவிட்டால், தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, தகடு தன் வட்டத்தில் தானே அமர விட்டு, மீண்டும் இறுக்குவர். இறுக்கிய ஸ்க்ரூ கழலாதவாறு அதன் நுனியைப் பூட்டுதல் கட்டாயம். அது கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் விழும்.

பிறகு காற்றோட்டத்தை அளக்கும் சிறு மானியை ஒவ்வொரு வாயிலாக வைத்துப் பார்க்க வேண்டும். மானி இல்லாதவர் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை வாயிலிலும் வைத்து, ‘உஸ்’ என்னும் ஓசையை ஒப்பிடுவர். பழகிய காதுக்கு இவ்வேறுபாடு நன்றாகவே தெரியும். ஒரு தாளில் ஆறு பத்திகள் வரைந்து, ஆறு அளவுகளையும் எழுதிக்கொள்வது நலம். எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமன்று. ஆறும் ஒத்திருப்பதே வேண்டுவது. ஒன்றைத் திருத்தினால் மற்றவையும் சிறிது மாறுமாதலால், மீண்டும் முதலிலிருந்து ஆறையும் அளக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின்னரே ஒத்துவரும். ஒரே நேரத்தில் இரண்டு ஸ்க்ரூக்களைத் திருகுவோர்க்கு எதனால் எது மாறியது என்பது என்றும் தெரியாது.

ஆறும் ஒத்த பின்னர் இணைப்புக் கோல்களை மாட்ட வேண்டும். கோலின் நீளம், தகட்டைச் சிறிதும் அசைக்காமல் தன் குமிழில் தானே அமரும்படி இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்து மாட்டினால் அதுவரை செய்ததெல்லாம் வீண். மாட்டியபின், நிமிடத்திற்கு 1,500 சுற்று அளவில் ஓடவிட்டு மீண்டும் ஆறையும் அளந்து பார்க்க வேண்டும். மூடிய நிலையில் ஒத்து, திறக்கும்போது ஒவ்வாவிட்டால், குமிழ்களிலும் நெம்புகோல்களிலும் தேய்மானம் உண்டென்று அறியலாம்.

இறுதியில், சிறிது தூரம் ஓட்டி வந்து ஆறு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். பிஸ்கட் நிறம் நலம். கரி படிந்தது பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்பு வெளுப்பு பெட்ரோல் குறைவு. ஒன்றிரண்டு மட்டும் வேறுபட்டால் குற்றம் அந்தச் சிலிண்டரின் வழியிலுள்ளது. அளவுக் கருவியைத் தொடாதீர். ஆறும் ஒன்றுபோல் கறுத்தோ வெளுத்தோ இருந்து, மேற்சொன்னவை யாவும் சரியாயிருந்தால் மட்டுமே அளவுக் கருவியின்மேல் ஐயம் கொள்ளலாம். அப்போதும் அதனைக் கழற்றி, சோதனை மேசை வைத்திருக்கும் தேர்ந்தவரிடம் அனுப்புவதே அறிவு. அதன் வில்களும் தடைகளும் மேசையில் அளந்து அமைக்கப்பட்டவை. வழியோரத்தில் ஊகித்துத் திருகத் தக்கவை அல்ல.

இக்காலத்தில் இதன் பயன்

டிரையம்ஃப் கார்த் தொழில் 1984இல் முடிவுற்றது. கான்லித் தொழிற்சாலையில் கார் பூட்டும் வேலை 1980இலேயே நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வண்டிகள் மறையவில்லை. அன்று இகழ்ந்து கழற்றப்பட்ட இன்ஜெக்ஷன் அமைப்பை இன்று இங்கிலாந்தில் தேடி வாங்கி மீண்டும் பொருத்துகிறார்கள். அளவுக் கருவியைப் புதுப்பித்துத் தருவதையே தொழிலாகக் கொண்டோரும் இருக்கின்றனர். புகைக்குழாயில் ஆக்ஸிஜன் மானியை வைத்துக் கலவையை எண்ணாகவே காணும் வசதியும் வந்துள்ளது. ஆனால் அம்மானி சொல்வது பொதுவாக ஆறு சிலிண்டர்களின் சராசரியையே. மூன்று மெலிந்து மூன்று மிகுந்திருந்தாலும் சராசரி அழகாகத் தோன்றும். ஆதலால் காற்றைச் சமன்செய்யும் பழைய வேலையை அது விலக்கிவிடவில்லை.

புதிதாக ஒரு சோதனையும் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. நம் நாட்டில் அது 20 விழுக்காடாக உயர்ந்துள்ளது. எத்தனால் தன்னிடத்தே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால், அதே அளவு பெட்ரோல் அளந்தாலும் கலவை மெலிந்துவிடும். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் அதனை உணர்ந்து ஈடுசெய்யும். அறுபதாம் ஆண்டுகளின் வில்லும் உருளையும் அதனை அறியா. பழைய ரப்பர் வளையங்களும் எத்தனாலில் ஊறிக் கெடும். அதைத் தாங்கும் புதிய வகை வளையங்களை இட வேண்டியிருக்கிறது. எனவே இவ்வியந்திரத்தை வைத்திருப்போர்க்கு வரிசை தவறாத சோதனை முன்னைவிட இன்று கூடுதலாக வேண்டியிருக்கிறது.

2020 ஏப்ரல் முதல் நாளில் பி.எஸ்.6 விதி வந்த பின், நம் பிள்ளைகள் ஓட்டும் மோட்டார் சைக்கிளிலும் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதனைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகளில் நம் சங்கக் குடும்பத்து இளைஞர்களும் வேலை செய்கின்றனர். ஸ்கானரைச் சொருகினால் அது ஒரு எண்ணைக் காட்டும். எண் சுட்டும் பொருளை மாற்றிவிட்டு வண்டியை அனுப்பலாம். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அவ்வெண் எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லுமேயன்றி, நோய் எங்கே பிறந்தது என்பதை எப்போதும் சொல்லாது. காற்று ஒழுக்கினால் கலவை மெலிந்த வண்டிக்கு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவதும், ரப்பர்க் குழாய் வெடித்த டிரையம்ஃபுக்கு அளவுக் கருவியைத் திருகுவதும் ஒரே வகைப் பிழைதான். விலையை மட்டும் வண்டிக்காரர் இருமுறை கொடுக்கிறார்.

வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு, ‘தமிழ்ப் பையன் பார்த்தால் வண்டி திரும்பி வராது’ என்று அயலார் சொல்லும் ஒரு சொல் பெரிய சொத்து. அதனைச் சம்பாதிக்க விலையுயர்ந்த கருவிகள் மட்டும் போதா. எளியதை முதலில் பார்த்தல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், மாற்றியதைத் தாளில் எழுதிவைத்தல், காரணம் விளங்குமுன் பெரிய பொருளைத் தொடாதிருத்தல் ஆகிய இந்நான்கும் காசு கொடுத்து வாங்க வேண்டாதவை. தொழில் பயிலும் தம்பிமார் இவற்றைக் கைக்கொள்வாராக. அவர்தம் பெற்றோரும், பிள்ளை வேலையில் சிறிது தாமதித்தால், ‘ஏன் இன்னும் முடியவில்லை?’ என்று விரைவுபடுத்தாமல், ‘எதுவரை பார்த்தாய்?’ என்று கேட்பாராக.